மூன்றாம் வாய்க்கால் வரம்பும் என் மகளின் கயிறும்

மூன்றாம் வாய்க்கால்,
அக்கராயன்.
18.3.1961

பெருமதிப்புக்குரிய அண்ணருக்கு,

தம்பி ஐயாத்துரை வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் கமலாசனியும் பிள்ளையும் இரண்டு மாடும் சுகம். நெல் அரிவு வெட்டிச் சூடும் மிதித்தாயிற்று. கொடிகாமத்தில் நீங்களும் மச்சாளும் நோய்நொடி இல்லாமல் இருக்க இங்குள்ள பிள்ளையாரிடம் சொல்லிவிட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

போன வருடம் நீங்கள், "பெட்டையைக் காட்டுக்குள்ளை வைச்சு மண்வெட்டி பிடிக்கப் பழக்காதை, இஞ்சை அனுப்பு, நல்ல பள்ளிக்கூடத்திலை சேர்த்துவிடுறன்" என்று எழுதினீர்கள். நான் நான்கு பக்கத்தில் மறுத்து எழுதினேன். அந்த நான்கு பக்கத்தையும் திருப்பி எடுத்துக்கொள்கிறேன். வருகிற வெள்ளிக்கிழமை காலைக் கோச்சியில் கிளிநொச்சி ஸ்டேசனுக்கு வந்து விமலேஸ்வரியைக் கூட்டிக்கொண்டு போகவும்.

எங்கள் பள்ளிக்கூடத்தைச் சும்மா குறை சொல்கிற ஆள் நானில்லை. அதன் கூரைக்கு முதல் கப்பு நட்டவனே நான்தான். ஐம்பத்துமூன்றில் ஓலைக் கொட்டிலில் தொடங்கியபோது விதைப்புக்கும் வெட்டுக்கும் ஒரு பிள்ளை வராது. வேறு தலைமையாசிரியர் என்றால் இடாப்பில் பெயரை வெட்டியிருப்பார். யோகலிங்கம் மாஸ்டரோ கரும்பலகையை மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு வயலுக்கே வந்துவிட்டார். அன்றிலிருந்து ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்புவரை தவணைக்கு ஒரு வேலை, கணக்கும் தமிழும் விஞ்ஞானமும் அந்த வேலைக்குள்ளேயே. முதல் வந்த பிள்ளைகள் கிணறு வெட்டினார்கள். அடுத்து வந்தவர்கள் மதகு கேட்டு அரசாங்கக் கச்சேரிக்குப் பதினேழு கடிதம் எழுதினார்கள், தொல்லை தாங்காமல் மதகும் வந்தது. "இந்த மண்ணிலை வாழப்போற பிள்ளை இந்த மண்ணைப் படிக்கட்டும்" என்று மாஸ்டர் கூட்டத்துக்குக் கூட்டம் சொல்லுவார், முதல் ஆளாகக் கைதட்டுகிறவன் நான். போன தவணை கோழி வளர்ப்பு என்று விமலேஸ்வரி குசினி அடுப்படியில் ஐம்பது முட்டையை வைத்து, சூடு கூடிக் குறையக்கூடாது, பொரிக்கும்வரை ஒருவரும் தாளிக்கக்கூடாது என்று தாய்க்குக் கட்டளை போட்டாள். இருபத்தொரு நாள் தாளிக்காத குழம்பைத் தின்றுகொண்டு அப்போதும் மாஸ்டரைப் புகழ்ந்தேன். பொரித்தது மூன்று குஞ்சு.

இந்தத் தவணை ஏழாம் வகுப்புக்கு வந்த வேலை, மூன்றாம் வாய்க்கால் வயல்களைக் கயிறு பிடித்து அளந்து படம் கீறுவது. நல்ல வேலை என்று கயிறு திரித்துக் கொடுத்ததும் நானே. ஆனால் அண்ணர், விதைப்புக்கு முன் வரம்பு செதுக்கும்போது என் பக்கம் கொஞ்சம் வெட்டி, அந்த மண்ணைப் பக்கத்து வயல் வீரகத்தியின் பக்கம் அணைத்துவிடுவேன். வருடத்துக்கு ஒரு சாண். அது களவல்ல, கை போகிற போக்கு. நீங்கள் வேலி அடைக்கிறவர், உங்களுக்கு நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

போன சனிக்கிழமை பெற்றோர் கூட்டம். படத்தைச் சுவரில் மாட்டிவிட்டு என் மகளே பிரம்பால் தொட்டுக் காட்டுகிறாள். "வீரகத்தி மாமான்ரை வயல் நாலு முழம் குறைவு. எங்கடை வயல் நாலு முழம் கூட. எட்டு வருசம், வருசத்துக்கு ஒரு சாண்." கூட்டம் கொல்லென்று சிரித்தது. வீரகத்தி மட்டும் சிரிக்கவில்லை. எழும்பி நின்று, "என்ரை கண்தான் மங்கிப்போச்செண்டு இருந்தனான் பிள்ளை" என்றார். மாஸ்டர் அதோடு விட்டாரா? "இனி என்ன செய்யலாம்?" என்று கேட்கிறார். "எங்கடை ஐயா வரம்பைத் திருப்பி வைப்பார்" என்கிறாள், என்னை ஒரு வார்த்தை கேளாமல்.

வீட்டுக்கு வந்து, "ஏன் பிள்ளை ஐயான்ரை மானத்தை வாங்கினனீ?" என்று கேட்டேன்.

"மூண்டுதரம் அளந்தனான் ஐயா. பிழையாய் இருக்கவேணுமெண்டு பிள்ளையாருக்கு நேர்ந்தும் பாத்தனான். மூண்டுதரமும் நாலுதான் வந்தது" என்று அழுதாள். நான் மாடு கட்டப் போய்விட்டேன்.

ஆகவே வெள்ளிக்கிழமை கட்டாயம் வரவும். அங்கே அவள் ஒருவருடைய வயலையும் அளக்காமல் பூமிசாஸ்திரம் படிக்கட்டும். இந்த முடிவில் மாற்றமில்லை. மச்சாளுக்கு எங்கள் அன்பு. உங்கள் பனையும் தென்னையும் குறைவில்லாமல் காய்க்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
என்றும் உங்கள் சொல் தட்டாத தம்பி,
ஐயாத்துரை.

பி.கு.: இதைத் தபாலில் போடப் போகும் வழியில் வயலைப் பார்த்தேன். ஏழாம் வகுப்பு முழுவதும் மண்வெட்டியோடு வரம்பில் நிற்கிறது. கயிற்றின் ஒரு தலைப்பு என் மகளின் கையில், மற்றத் தலைப்பு வீரகத்தியின் கையில். "பாத்துக்கொண்டு நில்லாமல் இறங்கும் ஐயாத்துரை, இந்த வரம்பின்ரை நெளிவு உமக்குத்தானே தெரியும்" என்றார் வீரகத்தி. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினேன். மத்தியானத்துக்குள் நாலு முழமும் போய்விட்டது. என் பிள்ளை சரியாகத்தான் அளந்திருக்கிறாள் அண்ணர், அதை எழுத எனக்குப் பெருமையாக இருக்கிறது. ஆகையால் வெள்ளிக்கிழமை வரவேண்டாம், அவள் இங்கேயே படிப்பாள். சித்திரை விடுமுறைக்கு நாங்கள் மூவரும் அங்கே வருகிறோம். விமலேஸ்வரி கயிற்றையும் கொண்டுவருகிறாள். அங்கே உங்கள் வீட்டு வளவுக்கும் நான் விட்டுவந்த என் வளவுக்கும் நடுவிலுள்ள வேலியை, நான் இங்கே வந்த எட்டு வருடமும் நீங்கள்தானே தனியாக அடைத்து வந்தீர்கள்? அவள் அளக்கும்வரை அந்த வேலியில் நட்ட ஒரு கதியாலையும் அசைக்கவேண்டாம்.