ஜமீன் மோதிரத்தின் வயது

காஞ்சிபுரத்தை எத்தனையோ ராஜாக்கள் ஆண்டிருக்கலாம். படையில்லாமல், கோட்டையில்லாமல், ஒரே ஒரு மோதிரத்தை மட்டும் விரலில் மாட்டிக்கொண்டு ஒரு லேடீஸ் ஹாஸ்டலையே ஆண்டவர் எங்கள் ஜமீன் அக்கா ஒருவர்தான்.

அவருடைய சொந்தப் பெயர் ஆதார் அட்டைக்கு மட்டும்தான் தெரியும். எல்லோருக்கும் ஜமீன்தான். பால்காரர்கூட, "ஜமீன் அம்மாவுக்கு ஒரு பாக்கெட்டு" என்றுதான் குரல் கொடுப்பார்.

நான் அப்போது ஒரு பட்டுக்கடையில் ஆன்லைன் விற்பனைப் பிரிவில் இருந்தேன். புடவையை விரித்து, போட்டோ எடுத்து, வாட்ஸப்பில் வாடிக்கையாளர்களுக்கு அனுப்பும் வேலை. தங்கியது சின்ன காஞ்சிபுரத்தில் வேலைக்குப் போகும் பெண்களுக்கான ஹாஸ்டல். எனக்கும் ஜமீன் அக்காவுக்கும் ஒரே அறை.

அவர் ஒரு ஸ்கேன் சென்டரில் டோக்கன் கொடுப்பவர். நாற்பத்தைந்து வயதிருக்கும். வலது கையில் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு சிவப்புக் கல் மோதிரம். டோக்கனை இரண்டு விரலால் பிடித்து, மற்ற விரல்களை மயில் தோகை மாதிரி விரித்துத்தான் நீட்டுவார். வயிற்று வலியோடு வந்தவர்கூட, "என்னா கல்லுமா அது?" என்று கேட்டுவிட்டுத்தான் உட்காருவார்.

"பரம்பரை மாணிக்க மோதிரங்க. எங்க கொள்ளுப்பாட்டனுக்கு ஆற்காட்டு நவாப் தன் கையால போட்டு விட்டது."

சாப்பிடும்போது அதைக் கழற்றி, டம்ளரைக் கவிழ்த்து அதன் மேல் வைப்பார். கல் எங்களைப் பார்த்தபடி இருக்கவேண்டும். "நவாப் கொஞ்ச நேரம் காத்துக்கினு இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுத்தான் முதல் வாய். வெள்ளிக்கிழமை தோறும் மோதிரத்துக்கு ஷாம்புக் குளியல். அந்த ஷாம்பு என்னுடையது.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாதது அந்த ஹாஸ்டல் அவருக்குக் கொடுத்த மரியாதை. ஜன்னல் ஓரக் கட்டில் ஜமீனுக்கு. காலையில் முதல் தோசை ஜமீனுக்கு. புதிதாக வரும் பெண்கள் பெட்டியை இறக்கியதும் எங்கள் அறைக்கு வந்து, "மோதிரம் எந்த அக்காகிட்ட இருக்குது?" என்று கேட்பார்கள். என்னிடமும் ஒரு மோதிரம் இருந்தது. காலேஜ் முடித்தபோது அப்பா வாங்கிக் கொடுத்த முத்து மோதிரம். ஒருத்தியாவது அதன் வயதைக் கேட்டிருப்பாளா?

கவனித்துப் பார்த்ததில் எனக்கு ஒன்று பிடிபட்டது. மோதிரத்தின் வயது ஆளுக்கு ஆள் மாறிக்கொண்டிருந்தது. நர்ஸ் பெண்ணிடம் நூற்றைம்பது வருஷம். வார்டன் அம்மாவிடம் முந்நூறு. ஏனாத்தூர் பக்கம் படித்துக்கொண்டிருந்த மாணவியிடம் பல்லவர் காலம் வரைக்கும் போய்விட்டார்.

"அக்கா, போன வாரம் முந்நூறுன்னீங்க?"

"அது வளையத்தோட வயசுமா. கல்லு அதுக்கு முந்தி."

"பல்லவர் காலத்துல நவாப் எங்கக்கா இருந்தாரு?"

"அதான் நானும் யோசிக்கிறேன். பாவம், அவருக்கு யார் குடுத்தாங்களோ!"

இந்த ஆளோடு வாயால் ஜெயிக்க முடியாது என்று தெரிந்துகொண்டேன். ஆதாரம் வேண்டும். கடையில் ஜரிகையை நெருக்கமாகப் படம் எடுக்க ஒரு லென்ஸ் இருந்தது. மோதிரத்தை அதில் எடுத்துப் பெரிதாக்கினால் குட்டு உடைந்துவிடும். "அக்கா, ஒரு அரக்குப் புடவை வந்திருக்குது. உங்க கை பட்டா தூக்கலா இருக்கும்" என்று ஐஸ் வைத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை கடைக்கே அழைத்துப் போனேன். பார்டரைப் பிடிக்கச் சொல்லி வளைத்து வளைத்து எடுத்தேன்.

அங்கேதான் விதி விளையாடியது. படங்களை எனக்கே அனுப்புவதாக நினைத்துக் கடை குரூப்பில் போட்டுவிட்டேன். அழித்துவிடலாம் என்று பார்ப்பதற்குள் முதலாளி போனில் கூப்பிட்டுவிட்டார். "யாருமா இந்தக் கை? சூப்பரா இருக்குது. இனிமே எல்லாப் படத்துக்கும் இந்தக் கையே இருக்கட்டும்."

அதுவரை அந்தக் கடையின் கை நான்தான்! கிரீம் பூசி, நகத்தை ராவி, நான் பார்த்துப் பார்த்து வளர்த்த கை. ஒரே நாளில் அதற்கு வேலை போய்விட்டது. அடுத்த வாரம் முதல் ஞாயிறுதோறும் ஜமீன் அக்கா கடைக்கு வந்து பார்டரைப் பிடிப்பார், நான் எதிரே நின்று படமெடுப்பேன். வாடிக்கையாளர்கள் புடவையை விட்டுவிட்டு, "அந்த மோதிரம் கிடைக்குமா?" என்று கேட்டார்கள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு, "ஸ்டாக் இல்லை" என்று பதில் அனுப்பினேன். படத்தை எவ்வளவு பெரிதாக்கியும் மோதிரத்தின் வயது எனக்குப் பிடிபடவில்லை.

நல்லவேளையாக நிவேதா கிடைத்தாள். எங்களிடம் கல்யாணப் புடவை வாங்க வந்த பெண். கற்களைச் சோதிக்கும் படிப்புப் படித்துவிட்டு ஒரு நகைக்கடையில் அதே வேலையில் இருந்தாள். மோதிரத்தின் வயதைச் சொல்லமுடியுமா என்று கேட்டேன். "கொண்டாங்கக்கா, பார்த்துடலாம்" என்றாள். எனக்கு அன்றைக்குச் சாப்பாடு ருசித்தது.

ஹாஸ்டலில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சபையில் விஷயத்தைப் போட்டேன். ஜமீன் அக்கா முதன்முறையாகத் தயங்கினார்.

"அதெல்லாம் எதுக்குமா? பழசைப் போயி நோண்டிக்கினு."

"உங்களுக்குத்தானேக்கா பெருமை!"

பெண்கள் எல்லோரும், "போயிட்டு வாங்கக்கா" என்று பிடித்துக்கொண்டார்கள். அவர் டம்ளர் மேலிருந்த மோதிரத்தை எடுத்து விரலில் மாட்டினார். "போலாம். நவாப் மேல எனக்கு என்னா பயம்?"

நகைக்கடையில் நிவேதா மோதிரத்தை முதலில் லென்ஸிலும் அப்புறம் மைக்ராஸ்கோப்பிலும் பார்த்தாள். நாங்கள் எதிரே பரீட்சை ரிசல்ட்டுக்கு உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருந்தோம்.

"அக்கா, இது மாணிக்கம் இல்ல. கார்னெட்னு வேற ஒரு செவப்புக் கல்லு. நல்ல கல்லுதான், ஆனா மாணிக்கம் இல்ல."

எனக்குள் முதல் பட்டாசு வெடித்தது.

"வளையம் மெஷின்ல வார்த்தது. அச்சோட கோடு உள்பக்கம் தெரியுது பாருங்க. தேய்மானமும் இல்ல. மிஞ்சிப்போனா பதினஞ்சு வருஷம் இருக்கும்."

சரவெடி! "அப்போ நவாப்?" என்றேன், ரொம்ப அப்பாவியாக.

"நவாப்கிட்ட மெஷின் ஏதுக்கா?" என்று சிரித்தாள் நிவேதா. "ஆனா கல்லு பழசு. பட்டையெல்லாம் கையால தீட்டியிருக்காங்க, ஒண்ணு மாதிரி ஒண்ணு இல்ல. ஓரமெல்லாம் மழுங்கியிருக்குது. ரெண்டு மூணு தலைமுறை போட்டிருப்பாங்க. வேற ஏதோ நகையில இருந்து பேர்த்து இதுல பதிச்சிருக்குது."

ஜமீன் அக்கா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். மெதுவாகக் கேட்டார். "ஏம்மா, இந்தக் கல்லு எப்ப பொறந்துது?"

"பூமிக்குள்ள உருவானதைக் கேக்கறீங்களா? அது இருக்கும்கா, கோடிக்கணக்கான வருஷம்."

"கோடி!" ஜமீன் அக்கா எழுந்தே நின்றுவிட்டார். "கேட்டியாமா? கோடி!"

நான் கொளுத்திய பட்டாசெல்லாம் நமத்துப்போனது.

ஷேர் ஆட்டோ கிடைக்காமல் நடந்தே திரும்பினோம். கோயில் மதில் நிழலில் வரும்போது அவராகவே சொன்னார்.

"எங்க அம்மாவோட தோடுமா அது. ஜோடியில ஒண்ணு எனக்கு வந்துது. இன்னொண்ணு கூரம் கிராமத்துல எங்க அண்ணன் வீட்ல இருக்குது. நான் அங்க போறது இல்ல."

"இதைச் சொல்லியிருக்கலாமேக்கா. எதுக்கு நவாப்?"

"நவாப்புன்னா எல்லாரும் கிட்ட வந்து பார்த்து, சிரிச்சிட்டுப் போறாங்க. ஒத்தைத் தோடுன்னு சொன்னா இன்னொண்ணு எங்கேன்னு கேப்பாங்க. அது அழுவுற கதைமா. டோக்கன் குடுக்கிற எடத்துல அதை எப்படிச் சொல்றது?"

கையில் வைத்திருந்த கடலைப் பொட்டலத்தை நீட்டினேன். பாதியை எடுத்துக்கொண்டார்.

ஹாஸ்டல் வாசலில் எல்லோரும் காத்திருந்தார்கள். ஜமீன் அக்கா கையை உயர்த்தி அறிவித்தார். "நவாப் இல்லமா. அவருக்கெல்லாம் முந்தி. கோடி வருஷம்! மிஷின்ல வச்சுப் பார்த்துச் சொன்னாங்க. கூட இருந்தவ இவதான், கேட்டுக்குங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "ஆமா. கோடிதான்" என்றேன். ஒரு சொல்கூடப் பொய்யில்லை என்பதுதான் கொடுமை.

அன்றைக்கு அவர் ஏக குஷியில் இருந்தார். கட்டிலையே பார்த்துக்கொண்டிருந்த என்னிடம், "ஜன்னல் ஓரம் வேணும்னா கேட்டிருக்கலாமே? எடுத்துக்கோமா" என்றார். ஒரு நிமிஷம்கூட யோசிக்காமல் தலையணையோடு குடியேறினேன். ராஜ்யம் கைமாறியது.

ஐப்பசி பிறந்திருந்தது. விடிகாலையில் பிடித்த மழை ஜன்னல் சந்து வழியாக நேராக என் முகத்தில் அடித்தது. ஜன்னல் கதவை இழுத்தால் தாழ்ப்பாள் கையோடு வந்தது. பாயும் போர்வையும் நனைந்துபோக, எழுந்து உட்கார்ந்தேன். "அந்தக் கட்டில் அப்படித்தான். யாருமே வேணாம்னுட்டாங்க, அவங்கதான் பரவால்லன்னு படுத்தாங்க" என்றார் வார்டன் அம்மா.

ஈரத் தலையோடு சாப்பிடப் போனேன். கட்டில் கைமாறிய சேதி கேட்டோ என்னவோ, சமையல்கார அம்மா அன்றைக்கு முதல் தோசையை எனக்கு வைத்தார். நாலு துண்டாக வந்தது. "முதல் தோசை கல்லுல ஒட்டிக்கும்மா. ஜமீன் மட்டும்தான் மூஞ்சி சுளிக்காம சாப்பிடும்" என்றார். எதிரே ஜமீன் அக்கா மொறுமொறுவென்று ஒரு முழுத் தோசையைப் பிய்த்துக்கொண்டு, "ரொம்ப நாளாச்சுமா இப்படி ஒண்ணு பார்த்து" என்றார்.

எனக்குக் கல்யாணமாகிச் சென்னைக்கு வந்து வருஷங்கள் ஆகிவிட்டன. அவர் இன்னும் அதே ஹாஸ்டலில், அதே அறையில்தான் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை தோறும் போன் பண்ணுவார். இப்போது பேச்செல்லாம் அறைக்குப் புதிதாக வந்திருக்கும் பெண்ணைப் பற்றித்தான். தங்கமான பொண்ணாம். நன்றாகச் சிரிக்கிறாளாம். பஜாருக்கு இவர் கையைப் பிடித்துக்கொண்டுதான் போவாளாம்.

அந்தப் பெண்ணை நான் பார்த்ததே இல்லை. எனக்கு அவளைப் பிடிக்கவில்லை.