புல்லில்லாத முற்றம்

"முற்றம் சுத்தமாக் கிடக்கிறது குற்றமாம்!"

சற்குணம் கவுன்சில் கடிதத்தை மேசையில் ஓங்கி அடித்தார். தேநீர் தளும்பிச் சிந்தியது.

லண்டன் எட்மண்டனில் அவர்கள் இருந்த குடியிருப்புக்கு ஒரு விதி உண்டு. முன்முற்றத்தில் பாதியாவது இந்நாட்டுச் செடிகள் நிற்கவேண்டும். சற்குணமோ எட்டு வருடமாக ஒரு புல்லைக்கூட விட்டுவைக்கவில்லை. புல் முளைத்த முற்றம் ஆளில்லாத வீட்டுக்குத்தான் அடையாளம் என்பது அவர் கட்சி. ஈஸ்ட் ஹாமில் வாங்கிய ஈர்க்கு விளக்குமாற்றால் மனைவி துசியந்தி நாள்தோறும் கூட்டுவார். இவர் வாசலில் நின்று, விடுபட்ட இடத்தைக் காட்டுவார்.

"ஆரோ கொம்ப்ளெயின் பண்ணியிருக்கினம். ஆரெண்டும் எனக்குத் தெரியும்!"

பக்கத்து வீட்டுப் பீற்றர்தான். அவர் முற்றம் இடுப்பளவு வளர்ந்த செடிப் பத்தை. சற்குணம் வேலிக்கு மேலால் கத்தினார்.

"ஏன் காணும், என்னிலை என்ன எரிச்சல் உமக்கு?"

"மாதா மேல சத்தியமா நானில்லை அண்ணை!"

"மாதாவை இதுக்குள்ள இழுக்காதையும்!"

அன்றோடு பேச்சும் நின்றது. வேலிக்கு மேலால் கைமாறிய மீன்குழம்பும் நின்றது.

சற்குணம் செவ்வந்தியும் செம்பரத்தையும் வாங்கி நட்டார். பார்க்க வந்த, கவுன்சிலில் வேலைசெய்யும் தமிழ்ப் பிள்ளை ஆரணி உதட்டைப் பிதுக்கினாள்.

"அங்கிள், இதுகள் இந்த ஊர்ச் செடியில்லை. இன்னும் ஒரு சான்ஸ்தான். பிறகு வழக்கு கோட்டுக்குப் போகும்."

"நானும்தான் இந்த ஊரில்லை. என்னையும் பிடுங்கி எறியப்போறியளோ?"

அடுத்து, காட்டுப்பூ விதை வாங்கித் தூவினார். மூன்று வாரத்தில் பச்சை தலைகாட்டியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, துசியந்தி ஷிப்டுக்குப் போயிருந்தபோது, கதவைத் திறந்தவருக்கு அதைக் கண்டதும் பற்றிக்கொண்டு வந்தது. "சீ, என்ன பத்தையப்பா இது!" என்று குனிந்து பிடுங்கினார். கடைசிச் செடி கையில் வந்தபிறகுதான் விதைப்பை ஞாபகம் வந்தது. திட்டுவதற்கு அங்கே வேறு ஆளில்லாததால் தன்னையே திட்டிக்கொண்டார்.

மறுநாள் ஆரணி வருகிற நாள். வெட்கத்தை விழுங்கிக்கொண்டு பீற்றரின் கதவைத் தட்டினார்.

"கொஞ்சம்... பத்தை தருவீரோ?"

பீற்றர் கையுறையை மாட்டிக்கொண்டு, தொட்டால் சொறியும் காஞ்சோன்றியாகப் பார்த்துக் கிளப்பிக் கொடுத்தார். நட்டு முடிந்தபோது சற்குணத்தின் இரண்டு கையும் முழங்கைவரை தடித்துச் சிவந்திருந்தன.

மறுநாள் வந்து பார்த்த ஆரணி துள்ளிக் குதித்தாள். "சூப்பர் அங்கிள்! இதிலைதான் வண்ணத்துப்பூச்சி முட்டை போடும். இனி இந்த இடத்தைக் கூட்டவே கூடாது."

"கூட்டமாட்டன்! ஆனா என்னை இந்தப் பாடு படுத்தின நாயின்ரை பேரை மட்டும் சொல்லு பிள்ளை!" சற்குணம் கையைச் சொறிந்தபடி பீற்றரின் வேலியைப் பார்த்துக் கத்தினார்.

"ஐயோ, பேரெல்லாம் சொல்லேலாது அங்கிள், றூல் இருக்கு," என்று சிரித்த ஆரணி, வாசலில் தேநீரோடு நின்ற துசியந்தியிடம் திரும்பினாள்.

"அன்ரி, நீங்கள் குடுத்த கொம்ப்ளெயினை இனி க்ளோஸ் பண்ணட்டே?"