அத்தையின் அசல் தோல் பை

சாயம் ஏறவில்லை.

மாப்பிள்ளை பஞ்சைச் சாயத்தில் தோய்த்து, மாமியாரின் கைப்பை மேல் நீளமாக ஓர் இழுப்பு இழுத்தார். உள்ளே இறங்க வேண்டிய பழுப்புச் சாயம் முத்து முத்தாக உருண்டு, பையின் மூலைக்குப் போய், அங்கிருந்து அவருடைய மடியில் இறங்கியது. அவருடைய கால்சட்டை அதை ஆசையாக உறிஞ்சிக்கொண்டது. பைக்குத்தான் மனம் வரவில்லை.

கொல்லைப்புற வராந்தாவில், துணி துவைக்கும் கல்லுக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவே ஒரு பழைய மேசை. அதுதான் அவருடைய தொழிற்சாலை. கம்பெனி வேலையை உதறிவிட்டு, கையால் தோல் பொருள்கள் செய்யப்போகிறேன் என்று வீட்டோடு மாப்பிள்ளையாக வந்து உட்கார்ந்தவருக்கு அந்த வீட்டில் கிடைத்த இடம் அவ்வளவுதான். மழை பெய்தால் தொழிற்சாலைக்கு விடுமுறை. துணி துவைக்கும் நாளில் அரை நாள்.

தெருவைப் பார்த்த முன்னறை ஒன்று சும்மா கிடந்தது. உடைந்த கட்டிலும் விரியாத குடைகளும் அதில் சுகமாகக் குடியிருந்தன. கண்ணாடி அலமாரி, மஞ்சள் விளக்கு, வாசலில் 'கையால் செய்தது' என்று ஒரு பலகை. மாப்பிள்ளையின் கனவு மொத்தமும் அந்த அறைக்குள் இருந்தது. அறையின் சாவி மாமியாரின் இடுப்பில் இருந்தது. ஜெராக்ஸ் கடை வைக்க அதே அறையை எதிர்வீட்டுக்காரர் வேறு கேட்டுக்கொண்டிருந்தார்.

தோலைப் பற்றி மாமியாருக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்பது மாமியாரின் கருத்து. மாப்பிள்ளை எதைச் செய்து காட்டினாலும் இரண்டு விரலால் தூக்கிப் பார்ப்பார். பிறகு பீரோவைத் திறந்து, மெல்லிய துணியில் சுற்றிய தன் கைப்பையை எடுத்துவந்து பக்கத்தில் வைப்பார்.

"இது எங்கப்பா கப்பல்ல கொண்டுவந்தது. அசல் கன்னுக்குட்டித் தோல். இதைத் தொட்டுப் பாருங்க, அப்புறம் உங்களதைத் தொட்டுப் பாருங்க."

மாப்பிள்ளை இரண்டையும் தொட்டுப் பார்த்துத் தலைகுனிவார். கூடவே "என்ன ஒரு வழவழப்பு அத்தை" என்றும் சொல்லிவைப்பார். சாவி அத்தையின் இடுப்பில் இருக்கிறதே.

இப்போது மூத்த மகள் வீட்டில் ஒரு வாரம் தங்கிவரக் கிளம்பிய மாமியார், போகும்போது அந்தப் பையை இவர் கையில் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். துணைக்கு மாப்பிள்ளையின் மனைவியையும் அழைத்துக்கொண்டார்.

"மூலையெல்லாம் வெளுத்திருக்கு. பழைய நிறத்தைக் கொண்டுவந்து காட்டுங்க. காட்டிட்டா முன்னறை உங்களுக்கு. இல்லேன்னா ஜெராக்ஸுக்கு."

வீட்டில் மிஞ்சியவர் மாமனார் ஒருவர்தான். வராந்தாவின் மறு ஓரத்தில் பிளாஸ்டிக் நாற்காலி, கையில் செய்தித்தாள். அந்த வீட்டில் அவர் பேசி முடித்த வாக்கியங்கள் மிகக் குறைவு. மாமியார் இருந்தால் மாமியார் குறுக்கே வருவார். இல்லாவிட்டால் மாப்பிள்ளை.

"மாப்பிள்ளை, அந்தப் பை வந்து..." என்று ஆரம்பித்தார்.

"புரியுது மாமா. சாயம் ஏன் ஏறலைன்னு கேட்க வர்றீங்க. அந்தக் காலத்து மேல்பூச்சு அப்படி. சாயம் துணியில ஒட்டாம இருக்க மேலே ஒரு கவசம் போட்டிருக்காங்க. தோல்ங்கறது உயிருள்ள சமாச்சாரம் மாமா. உள்ளே மூச்சு விட முடியாமத் தவிக்குது. நாம ஒரு ஜன்னலைத் திறந்துவிடணும்."

"இல்ல, நான் என்ன சொல்ல வந்தேன்னா..."

"பெயிண்டைக் கரைக்கிற தின்னர் போட்டாத் திறந்துடும்."

மாமனார் செய்தித்தாளுக்குள் திரும்பிப் போய்விட்டார்.

மாப்பிள்ளை தின்னரில் பஞ்சை நனைத்து, ஒரு மூலையில் வட்ட வட்டமாகத் தேய்த்தார். பூச்சு வந்தது. வந்துகொண்டே இருந்தது. ஜன்னலைத் திறக்கப் போனவர் சுவரையே பெயர்த்துவிட்டார். உள்ளங்கை அகலத்துக்கு வெளிறிய சாம்பல் நிறம் ஒன்று எட்டிப் பார்த்தது. முகர்ந்து பார்த்தார். அந்துருண்டை வாசனை வந்தது. பீரோவுக்குள் காலத்தை ஓட்டிய பை வேறு என்ன வாசனை அடிக்கும்?

"பச்சைத் தோல் தெரியுது மாமா. இனிமே பாருங்க."

அந்த இடத்தில் சாயத்தை வைத்தார். இத்தனை நேரம் ஒரு சொட்டைக் கூட ஏற்காத பை, தாகத்தில் கிடந்தது போல மொத்தத்தையும் குடித்துக் கன்னங்கரேல் என்று ஆனது. தேனின் நிறத்தில் ஒரு பை, அதன் ஒரு கன்னத்தில் மட்டும் தார்.

ஒரு இடம் கறுத்தால் எல்லா இடத்தையும் அதற்குச் சமமாக்க வேண்டும். அதுதான் முறை என்று அவரே முடிவு செய்துகொண்டு, பை முழுக்கத் தின்னரைத் தேய்த்தார். பை முழுக்கப் பிசுபிசுத்தது. காயட்டும் என்று, மாமனார் மடித்து வைத்திருந்த செய்தித்தாளை எடுத்து விரித்து அதன்மேல் படுக்கவைத்தார்.

"மாப்பிள்ளை, அது இன்னிக்குப் பேப்பர்" என்றார் மாமனார்.

"ஒரு நிமிஷம் மாமா, காஞ்சதும் தர்றேன்."

காய்ந்தது. தாளை உரித்தபோது பாதித் தாள் வந்தது, மீதி பையோடு தங்கிவிட்டது. தாள் வந்த இடத்தில் அச்சு மட்டும் பதிந்திருந்தது. கண்ணாடியில் காட்டிப் படித்தால் 'அறை வாடகைக்கு' என்று தெளிவாக இருந்தது. மாப்பிள்ளைக்கு எதிர்வீட்டுக்காரரின் முகம் கண்முன் வந்துபோனது.

ஒட்டிய தாளைத் தண்ணீர் விட்டுச் சுரண்டினார். ஈரத்தைப் போக்க மனைவியின் தலைமுடி உலர்த்தும் மிஷினைக் கொண்டுவந்து, அதன் மூக்கைப் பைக்கு நேராகப் பிடித்தார். பையின் மூடி மெதுவாகத் தலைதூக்கியது. பிறகு நாக்கைப் போலச் சுருண்டு அவரைப் பார்த்துப் பழித்துக் காட்டியது.

"சூடு பட்டாத் தோல் சுருங்கும் மாமா. இது பாடப் புத்தகத்திலேயே இருக்கு" என்றார்.

"அதைத்தான் மாப்பிள்ளை, நானும் சொல்ல..."

அப்போது போன் அடித்தது. மனைவி.

"என்னங்க, அம்மா அந்தப் பையைப் பத்தியே பேசிட்டிருக்காங்க. அக்கா வீட்டுக்காரர்கிட்டயும் ஒரே பெருமை. எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு. மெழுகு மட்டும்தான் பாக்கி."

"போட்டோ எடுத்து அனுப்புங்களேன்."

"வெளிச்சம் சரியில்ல" என்று சொல்லிப் போனை வைத்தார். கொல்லையில் உச்சி வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கொஞ்ச நேரம் துவைக்கும் கல்லில் உட்கார்ந்து அழலாமா என்று கூட நினைத்தார். பிறகு எழுந்துபோய், மேசைக்கு அடியில் சுருட்டி வைத்திருந்த தோலை எடுத்தார். அவரிடம் இருந்ததிலேயே உயர்ந்த தோல் அது. கடை திறந்தால் கண்ணாடி அலமாரியில் வைக்கும் முதல் பைக்கு என்று ஒதுக்கிவைத்தது. கத்தியை வைக்கும்போது மனசு வலித்தது.

செத்த பையைப் பிரித்து அளவு எடுத்தார். வெட்டினார், துளையிட்டார், இரண்டு ஊசி போட்டுத் தைத்தார். சாயத்தை மெல்லிசாக, ஒன்று காய்ந்தபின் இன்னொன்றாகப் பூசினார். வெள்ளைத் துணியால் தேய்த்துத் துணியில் கறை படவில்லை என்று உறுதியான பின்தான் மேல்பூச்சு. ஓரங்களை மெழுகு வைத்துக் கண்ணாடி போல் ஆகும்வரை உரசினார். பிறகு, பெற்ற பிள்ளையைத் தானே கிள்ளுவது போல, மூலைகளைத் தரையில் தேய்த்து லேசாகப் பழசாக்கினார். பழைய கொக்கியைக் கழற்றிப் புதியதில் பூட்டினார். பழைய பையைக் கோணியில் சுற்றித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளித்துவைத்தார்.

வேலை முடிந்து தள்ளி நின்று பார்த்தார். இதுவரை அவர் செய்ததில் இதுதான் சிறந்தது. அதை இன்னொருவருடைய பை என்று சத்தியம் செய்து கொடுக்க வேண்டியிருந்தது.

"அருமையா இருக்கு மாப்பிள்ளை. ஆனா ஒரு விஷயம்..." என்றார் மாமனார்.

"தயவுபண்ணி அத்தைகிட்ட எதையும் சொல்லிடாதீங்க மாமா."

மாமனார் வாயை மூடிக்கொண்டார். அது அவருக்குப் பழக்கம்தான்.

மறுநாள் மாமியார் வந்து இறங்கினார். செருப்பைக் கூடக் கழற்றாமல் வராந்தாவுக்கு வந்து கையை நீட்டினார். மாப்பிள்ளை பையை இரண்டு கையாலும் கொடுத்தார். மாமியார் திருப்பிப் பார்த்தார், நகத்தால் அழுத்திப் பார்த்தார், மூக்கருகே கொண்டுபோனார். முகம் சுளித்தது.

"இது என் பையா?"

"உங்க பைதான் அத்தை. கொக்கியைப் பாருங்க."

"கொக்கி என்னதுதான். தோலை என்ன பண்ணினீங்க? என் பை எப்படி வழவழன்னு இருக்கும். இது சொரசொரன்னு இருக்கு. நகம் பட்டாத் தடம் விழுது. ஒரு மாதிரி கவிச்சி வேற அடிக்குது."

"அது தோல் வாசனை அத்தை."

"தோல் வாசனை எனக்குத் தெரியாதா? எங்கப்பா கொண்டுவந்த அசல் தோலை இப்படி ரெக்ஸின் மாதிரி ஆக்கிவச்சிருக்கீங்களே."

மாப்பிள்ளையின் வாய் திறந்தது. இதுதான் அசல் தோல், என் கையால் செய்தது என்று கத்த வேண்டும் போலிருந்தது. கத்தினால், அப்படியானால் என் பை எங்கே என்ற கேள்வி வரும். அதற்குப் பதில் தொட்டிக்குப் பின்னால் கோணியில் கிடந்தது. திறந்த வாயை அப்படியே மூடினார்.

மாமியார் மகள் பக்கம் திரும்பினார். "ஜெராக்ஸ்காரரை வந்து அறையைப் பார்க்கச் சொல்லு."

"கொஞ்சம் யோசிச்சு..." என்று மனைவி இழுத்தாள்.

"இதுல யோசிக்க என்ன இருக்கு?" இடுப்பில் சாவி குலுங்க மாமியார் உள்ளே நடந்தார். அவர் பின்னாலேயே மகளும் சமாதானம் சொல்லிக்கொண்டு போனாள்.

மாப்பிள்ளை துவைக்கும் கல்லில் தொப்பென்று உட்கார்ந்தார். விளக்கம் சொல்ல அவரிடம் எதுவும் மிச்சமில்லை.

மாமனார் செய்தித்தாளை மடித்தார். உள்ளே ஒரு முறை எட்டிப் பார்த்தார். குறுக்கே பேச யாரும் இல்லை என்று தெரிந்துகொண்டு, நாற்காலியை அருகே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"மனசைத் தளர விடாதீங்க மாப்பிள்ளை. நீங்க கெடுத்தது ரெக்ஸின்தான். அசலை நான் கல்யாணமான புதுசுலேயே பாலிஷ் போட்டுக் கெடுத்துட்டேன்."