மாமியார் அறைக்கு ஒரு குழாய்

மாமியாரைச் சூடாக வைத்திருக்க வேண்டும் என்ற ஒரே எண்ணத்தோடு ஆர்லின் தன் வீட்டு நிலவறையில் ஏணி மேல் நின்று ஒரு தகரக் குழாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தான். இந்த முனையை மாட்டினால் அந்த முனை கழன்றது. கீழே விளக்குப் பிடித்துக்கொண்டிருந்த மனைவி ஜொலீன், தெரிந்தவர்களைக் கூப்பிட்டுச் செய்யலாமே என்று மூன்றாவது முறையாகச் சொல்லிப் பார்த்தாள். அவன் காதில் வாங்கவில்லை.

விஷயம் இவ்வளவுதான். குளிர்காலத்துக்கு மகள் வீட்டில் வந்து தங்கியிருந்த வெர்னா அன்று காலை காபி குடித்துக்கொண்டே பேச்சோடு பேச்சாகச் சொன்னார்: "ரூம் நல்லாத்தான் இருக்கு மாப்பிள்ளை. கொஞ்சம் சிலுசிலுன்னு இருக்கு, அவ்வளவுதான். பேசாம அரிசோனா போய் வெயில்ல உக்காந்துட்டு வரலாமான்னு பாக்கறேன்."

அமெரிக்காவின் குளிர் மாநிலமான அந்த வடக்கு டகோட்டாவில் யாரும் எதையும் நேராகச் சொல்லித் தொலைப்பதில்லை. கொஞ்சம் சிலுசிலுப்பு என்றால் விறைத்துப் போய்க்கொண்டிருக்கிறேன் என்று பொருள். ஆர்லின் ஓடிப்போய் அந்த அறையில் கையை நீட்டிப் பார்த்தான். அவன் கைக்கு அப்படியொன்றும் குளிராகத் தெரியவில்லை. வயசானவர்களுக்கு நமக்குத் தெரியாத குளிரெல்லாம் தெரியும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான்.

மாமியார் ஊருக்குக் கிளம்புகிறேன் என்றால் ஊரில் பாதி மருமகன்கள் பெட்டியைத் தாங்களே தூக்கி வைப்பார்கள். இவன் ஏணியைத் தேடினான். அவனுடைய மீன்பிடிக் கதைகளுக்கு அந்த வீட்டில் சிரிக்கிற ஒரே ஜீவன் வெர்னா. சாயங்காலம் சீட்டாட்டத்தில் அவனைத் தோற்கடித்துவிட்டு, மனசு கேட்காமல், தான் சுட்ட ஆப்பிள் பை பலகாரத்தில் பெரிய துண்டாக வெட்டி அவன் தட்டில் வைப்பார். தாயில்லாமல் வளர்ந்தவன். அவரை அவனுக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

ஆகவே குழாய். நிலவறையில் வாயுவில் எரிந்து வீடு முழுவதையும் சூடாக்கும் ஃபர்னஸிலிருந்து சூடான காற்றைச் சுமந்து செல்லும் பெரிய குழாயில் ஓர் ஓட்டை போட்டு, வெர்னாவின் அறைக்குத் தனியாக ஒரு கிளை இழுத்தான். மூட்டுகளை எல்லாம் சாம்பல் நிறத் துணி டேப்பால் சுற்றினான். சூடு ஏறியதும் டேப்பின் பசை இளகியது. காற்றில் பாதி நிலவறையிலேயே இறங்கி ஒட்டடைகளை ஆட்டிவைத்தது. மாமியார் அறைக்குப் போய்ச் சேர்ந்தது ஒரு பெருமூச்சுதான். அதற்கே சமையலறை சில்லிட்டுப் போனது.

சரி, மற்ற அறைகளுக்குப் போகிற காற்றை மறித்தால் எல்லாம் இங்கே வருமே என்று வீட்டிலிருந்த காற்றுவாய்களை ஒன்றுவிடாமல் மூடினான். உள்ளே சூடு தேங்கி, ஃபர்னஸ் தன்னைத்தானே அணைத்துக்கொண்டது.

ஜொலீன் கோட்டும் குல்லாயுமாக வந்து நின்றாள். "எங்கம்மா ஒருத்தர்தான் குளிர்ல இருந்தாங்க. இப்ப வீட்ல எல்லாரும் சமம்."

"ஃபர்னஸுக்கு மூச்சு முட்டுது ஜொலீன். காத்து பத்தல" என்றான் ஆர்லின், நாடி பிடித்துப் பார்த்த வைத்தியர் மாதிரி. மூடியவற்றைத் திறந்தான். அதோடு விட்டிருக்கலாம். தகரக் கத்தரியை எடுத்து, அறைகளிலிருந்து காற்று திரும்பி வருகிற குழாயில், ஃபர்னஸுக்குப் பக்கத்திலேயே சதுரமாக ஒரு துண்டை வெட்டி எறிந்தான். ஃபர்னஸ் குஷியாக உறுமியது. அவன் சீட்டியடித்துக்கொண்டே சாப்பிட உட்கார்ந்தான்.

முதல் கவளம் வாய்க்குப் போவதற்குள் நச்சுவாயு அலாரம் வீறிட்டது. புகைபோக்கி வழியாக வெளியே போகவேண்டிய எரிந்த புகையை அந்தச் சதுர ஓட்டை உறிஞ்சி, மறுபடியும் அறை அறையாகப் பரிமாறிக்கொண்டிருந்தது. மூன்று பேரும் பனியில் ஓடி வண்டிக்குள் ஏறினார்கள். சாப்பாட்டுப் பாத்திரம் மட்டும் எப்படியோ வெர்னாவின் மடியில் இருந்தது.

தீயணைப்புக்காரர்கள் கதவு ஜன்னலையெல்லாம் திறந்துவிட்டார்கள். எரிவாயு நிறுவனத்து ஆள் வாயுவை நிறுத்தி, ஃபர்னஸில் இயக்கக் கூடாது என்ற சிவப்பு அட்டையைத் தொங்கவிட்டார். "அலாரம் வெச்ச புண்ணியம் சார்" என்றார் ஓட்டையைப் பார்த்தபடி. "இல்லன்னா உங்க மூணு பேரையும் படுக்க வெச்சுத்தான் தூக்கியிருப்பாங்க."

ஆர்லினால் பெண்டாட்டி முகத்தையும் மாமியார் முகத்தையும் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. வெர்னா அவன் தோளைத் தட்டினார். "விடுங்க மாப்பிள்ளை. நான் அரிசோனா போயிடறேன். எதுக்கு உங்களுக்கு இவ்வளவு சிரமம்?"

"அத்தை, நீங்க எங்கயும் போகக் கூடாது. இதை நான் ஒழுங்கா செஞ்சு காட்டறேன்."

வெர்னா நீளமாக ஒரு மூச்சு விட்டார். பாசம் என்று நினைத்து அவன் கண் கலங்கினான்.

இந்த முறை முறையாக நகராட்சி அனுமதி வாங்கினான். வாயு இணைப்பைத் தொட உரிமம் உள்ள ஆளை வைத்தான். பக்கத்து வீட்டார் கொடுத்த மின்சார அடுப்புகளில் குளிர் காய்ந்தபடி, சதுர ஓட்டையைத் தகரம் வைத்து அடைத்தான். மூட்டுக்கு மூட்டு திருகாணி போட்டு, மேலே உலோகத் தாள் டேப் ஒட்டினான். குழாய் தொங்காமல் தகரப் பட்டையால் இறுக்கினான். மாமியார் அறையிலிருந்து காற்று திரும்பவும் தனி வழி வைத்தான். வெர்னா அடிக்கடி நிலவறைக்கு இறங்கி வந்து, நகராட்சிச் சோதனையில் இதெல்லாம் தேறுமா, தேறாவிட்டால் என்ன ஆகும் என்று கவலையோடு விசாரித்துவிட்டுப் போனார். அவருடைய பெட்டி வாசல் பக்கத்திலேயே இருந்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம் ஆர்லின் இன்னும் வேகமாகத் திருகினான்.

சோதனைக்கு வந்தவர் டுவெய்ன் என்கிற பெரிய மீசைக்காரர். மூட்டு மூட்டாகத் தடவினார். புகைக்குச்சியைக் கொளுத்தி ஃபர்னஸ் அருகில் பிடித்தார். புகை சமர்த்தாகப் புகைபோக்கிக்குள் ஏறிப்போனது. பிறகு வெர்னாவின் அறையைப் பார்க்க மாடிக்குப் போனவர் நெடுநேரம் கழித்து, மீசையைத் துடைத்துக்கொண்டே இறங்கிவந்து பச்சை அட்டையில் கையெழுத்துப் போட்டார்.

"தேறிட்டோம் அத்தை" என்று ஆர்லின் மாடிப்படியைப் பார்த்துக் குரல் கொடுத்தான்.

"ரொம்ப சந்தோஷம் மாப்பிள்ளை" என்றார் வெர்னா. இறங்கி வந்து வாசலிலிருந்த பெட்டியைத் தூக்கிக்கொண்டு மெதுவாக மாடியேறினார். ஆர்லினுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

டுவெய்னை வண்டிவரை வழியனுப்பப் போனான். மனிதர் கதவைத் திறந்தவர் ஏறாமல் நின்றார். சொல்லலாமா வேண்டாமா என்று மீசையை நீவினார்.

"இத்தனை வருஷத்துல, எப்படியாவது பாஸ் போடுங்கன்னு காபி குடுத்துக் கெஞ்சினவங்களை நிறையப் பாத்துட்டேன் தம்பி" என்றார். "எப்படியாவது ஃபெயில் போடுங்க, அரிசோனாவுல ஒரு மனுஷன் எனக்காகக் காத்துட்டிருக்காரு, மருமகன் மனசு நோகாம கிளம்ப எனக்கு வேற வழி தெரியலன்னு ஆப்பிள் பை குடுத்துக் கெஞ்சினது உங்க மாமியார் ஒருத்தர்தான்."