அடுத்தவர் சிறுநீரகத்தின் காவலர்

சிறுநீரகக் காவலர் என்று ஓர் இனம் உண்டு. இவர் காப்பது அடுத்தவர் சிறுநீரகத்தை. தன்னுடையது எங்கே போய்விடப் போகிறது? உடல் உறுப்பை விற்கலாமா, தானமாகத்தான் தரவேண்டுமா என்ற பேச்சு எந்த வீட்டில், எந்தத் தேநீர்க் கடையில், எந்தப் பேருந்தின் பின் இருக்கையில் எழுந்தாலும் இவர் அங்கே இருப்பார். தொண்டையைச் செருமுவார். சர்க்கரைக் கட்டியைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு தேநீரை ஒரு வாய் உறிஞ்சுவார். "விக்கிறது பாவம். குடுக்கிறது புண்ணியம்" என்பார். பிறகு அந்தக் கட்டி கரையும்வரை பேசமாட்டார். யார் கொடுப்பது என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.

தெஹ்ரானில் இந்த இனத்துக்குப் பஞ்சமே இல்லை. அங்கே சிறுநீரகத்துக்குப் பணம் தருவது சட்டப்படி நடக்கிற காரியம்; நோயாளிகளுக்கான சங்கம் நடுவில் இருந்து பெயர் பதிந்துகொள்ளும். சங்கத்தின் வரிசையில் காத்திருக்கப் பொறுமை இல்லாதவர்கள் மருத்துவமனைக்கு எதிர்ச் சுவரில் எழுதிவிட்டுப் போவார்கள்: 'சிறுநீரகம், ஓ பாசிட்டிவ், வயது 24, அவசரம்.' கீழே கைபேசி எண்.

பள்ளி ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்ற ஹூஷங், வயது ஐம்பத்தாறு, தினமும் ரொட்டி வாங்கப் போகும் வழியில் அந்த எண்களைக் குறித்துக்கொள்வார். வீட்டுக்கு வந்து ஒவ்வொன்றாகக் கூப்பிடுவார். வாங்கவா? சேச்சே, திருத்த. ஓர் இலையுதிர் காலத்தில் மட்டும் பத்தொன்பது பேரை அழைத்தார். பதினான்கு பேர் பாதியிலேயே வைத்துவிட்டார்கள். நான்கு பேர், வாங்க வந்த புண்ணியவான் என்று நம்பி ரத்தப் பரிசோதனை முடிவை முழுதாக வாசித்துக் காட்டினார்கள். ஒருவன் மட்டும் எதிர்க்கேள்வி கேட்டான்.

"உடம்பு கடவுள் நம்மகிட்டக் குடுத்து வச்ச அமானிதம், தம்பி. அதை விக்க நீ யாரு?"

"ஐயா வாங்குறீங்களா?"

"நான் வாங்குறவன் இல்ல. நல்லது சொல்றவன்."

"அப்ப இன்னொரு ஆள் கூப்பிட்டுக்கிட்டிருப்பாரு, லைனை விடுங்க."

ஹூஷங்குக்கு அன்று முழுக்க நாடு கெட்டுப் போனதே என்ற வருத்தம். ஆனாலும் இரண்டு தட்டு சோறு இறங்கியது.

இப்படி ஊரார் சிறுநீரகங்களைக் காத்துக்கொண்டிருந்தவரின் மச்சினனுக்கே இரண்டும் செயலிழந்தன. மனைவி மஹீனின் தம்பி ஈரஜ், கண்ணாடிக் கடைக்காரன், நாற்பத்தொரு வயது. இரண்டு வருடமாக வாரத்துக்கு மூன்று நாள், நாளைக்கு நாலு மணி நேரம், ரத்தம் சுத்திகரிக்கும் இயந்திரத்தோடு கிடந்தான். தண்ணீரைக்கூட அளந்துதான் குடிக்கவேண்டும். கடைசியில் சங்கம் ஓர் ஆளைப் பொருத்திக் கொடுத்தது: எஸ்கந்தர், தெஹ்ரானுக்கு வெளியே வராமீன் ஊர்ப் பக்கத்து இளைஞன். வாடகை வீட்டுக்கு முன்பணம் கட்டினால்தான் பெண் வீட்டார் கல்யாணத்துக்குச் சம்மதிப்பார்களாம். சோதனைகள் எல்லாம் முடிந்து தேதியும் குறித்தாயிற்று.

வெள்ளிக்கிழமை மதியம் குடும்பமே சோற்றுப் பானையைச் சுற்றி உட்கார்ந்திருந்தபோது ஹூஷங் தொண்டையைச் செருமினார்.

"நம்ம குடும்பத்துல மனுஷச் சதையை விலைக்கு வாங்கறதா? ஒரு ஏழைப் பையன் வயித்தைக் கிழிச்சு?"

"அவன் கேட்ட பணத்தைத்தான் தர்றேன், அத்தான்."

"பணம், பணம். பாசம்னு ஒண்ணு இல்லையா?"

ஈரஜ் தட்டைத் தள்ளி வைத்தான். "அப்ப என்னதான் பண்ணச் சொல்றீங்க?"

அந்த இடத்தில்தான் ஹூஷங் நெஞ்சில் கை வைத்தார். "ஏன், நான் செத்தா போயிட்டேன்? என் கிட்னி உன்னோடது மாப்ளே. உனக்கு முன்னால அதெல்லாம் எனக்கு ஒரு பொருட்டா?"

இதை அவர் எந்த அர்த்தத்தில் சொன்னார் என்பது அங்கே இருந்த ஒன்பது பேருக்கும் தெரியும். அந்த ஊரில் டாக்சிக்காரர்கூட நாம் இறங்கும்போது, "உங்ககிட்டப் போய்க் காசா, வேண்டாம்" என்பார். நாம் மூன்று முறை வற்புறுத்திக் கொடுக்கவேண்டும், அவர் வாங்கிக்கொள்வார். "சரி, நன்றி" என்று இறங்கி நடந்தவன் இதுவரை இல்லை. ஆக, ஈரஜ் மூன்று முறை மறுக்கவேண்டும். இரண்டாவது மறுப்புக்குக் கண்ணீர் தயாராக இருந்தது ஹூஷங்கிடம்.

"சரி அத்தான்" என்றான் ஈரஜ். "ரொம்ப நன்றி."

அடிப்பிடித்த சோற்றைச் சுரண்டிக்கொண்டிருந்த மஹீனின் கரண்டி நின்றது.

எஸ்கந்தரிடம் தவணை கேட்டார்கள். இரண்டு வாரம் பொறுப்பேன், இரண்டாவது வியாழக்கிழமைக்குள் பதில் வராவிட்டால் வேறு நோயாளியிடம் போய்விடுவேன் என்று அவன் கறாராகச் சொல்லிவிட்டான். அதாவது, ஹூஷங் கடைசி நேரத்தில் நழுவினால் ஈரஜுக்கு இதுவும் இல்லை, அதுவும் இல்லை. திரும்ப இயந்திரம்தான், எத்தனை வருடத்துக்கு என்று மருத்துவரே சொல்லமாட்டார்.

அந்த இரண்டு வாரம் ஹூஷங் பட்ட பாடு இருக்கிறதே! முதலில் ரத்த வகை பொருந்தாது என்றார். மஹீன் அவருடைய பழைய அட்டையைத் தேடி எடுத்து வந்தாள், அதே வகை. முதுகில் குத்துகிறது என்றார். அது மெத்தை என்றாள். மார்க்கத் தீர்ப்பு கேட்கவேண்டும் என்று மூன்று மௌலவிகளைப் பார்த்தார். தாராளமாகக் கொடுக்கலாம் என்றார்கள் மூவரும், மூன்றாமவர் எழுந்து நெற்றியில் முத்தமே கொடுத்துவிட்டார். கடைசியில் ரத்த அழுத்தத்தை நம்பினார்; அது ஏறினால் மருத்துவரே வேண்டாம் என்றுவிடுவாரே. உப்பு போட்ட தர்பூசணி விதையும் ஊறுகாய் வெள்ளரியும் வேளை தவறாமல் உள்ளே போயின.

"அந்த ஜாடியோட உங்களுக்கு அப்படி என்ன ரகசியம்?" என்று மஹீன் கேட்டாள்.

"ஆபரேஷனுக்கு முன்னால உடம்பைத் தேத்துறேன்."

புதன்கிழமை காலை சோதனை முடிவு வந்தது. மருத்துவர் காகிதத்தை இரண்டு முறை பார்த்தார். "நூத்திருபதுக்கு எண்பது. கிட்னி ரெண்டும் முப்பது வயசுக்காரனோடது மாதிரி இருக்கு. குடுத்து வச்சவர் சார் நீங்க."

ஹூஷங் வெளியே நடையில் போய் உட்கார்ந்தார். ஈரஜ் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். அன்று சுத்திகரிப்பு நாள். முகம் சாம்பல் பூத்திருந்தது.

"அத்தான், நான் எஸ்கந்தருக்கே சரின்னு சொல்லிட்டேன்."

"ஏன் மாப்ளே? நான்தான் இருக்கேனே." வாய் தன் பாட்டுக்குச் சொன்னது. கால் வாசல் பக்கம் திரும்பியது.

"அவனுக்குப் பணம் குடுத்தா அவனும் நானும் வழியில பார்த்தா சலாம் சொல்லிட்டுப் போவோம். உங்ககிட்ட வாங்கினா? ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் என் தட்டைப் பார்ப்பீங்க. 'நம்ம கிட்னிக்கு உப்பு ஆகாதே'ம்பீங்க. என் பொண்ணு கல்யாணத்துல மாப்பிள்ளையை நீங்கதான் முடிவு பண்ணுவீங்க. விலைக்கு வாங்கினா ஒரு தடவைதான் கட்டணும், அத்தான். உங்க தானத்துக்குச் சாகுற வரைக்கும் கட்டணும். என்னால முடியாது."

ஹூஷங்குக்கு உயிர் வந்தது. அந்த நிம்மதி மாடிப்படி வரைக்கும் நீடித்தது. இரண்டாம் தளத்தில் கோபமாக மாறி, கூட இறங்கிய மஹீன்மேல் பாய்ந்தது.

"என் கிட்னிக்கு என்னடி குறைச்சல்?"

"அதுக்கு ஒரு குறையும் இல்ல" என்றாள் மஹீன். "அது வெளிய வந்தாலும் கூடவே நீங்களும் வருவீங்களே, அதுதான்."

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. ஈரஜ் இப்போது நாளுக்குப் பத்துக் கோப்பை தேநீர் குடிக்கிறான். எஸ்கந்தர் தழும்போடு வாடகை வீட்டில் குடித்தனம் நடத்துகிறான். ஹூஷங்? மருத்துவ அறிக்கையைக் கண்ணாடிச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டியிருக்கிறார். "நான் தயாராத்தான் இருந்தேன். விக்கிறவன்கிட்டப் போகணும்னு அவன்தான் அடம் பிடிச்சான். பாசத்துக்கு மதிப்பு இல்லாத காலம்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறார். வருகிறவர்களும் தலையாட்டுகிறார்கள்.

நீங்கள் அப்படியெல்லாம் இல்லை, தெரியும். இருந்தாலும் ஒன்றே ஒன்று. இதைப் படித்துக்கொண்டு வரும்போது, 'அந்த ஆள் பேசாமல் கொடுத்துத் தொலைத்திருக்கலாமே' என்று ஓர் இடத்தில் உங்களுக்குத் தோன்றியதல்லவா? அப்போது உங்கள் கை தற்செயலாக இடுப்புப் பக்கம் போகவில்லையே?