சின்னப் பெட்டிக்குள் ஹாம்பர்க்

ஹாம்பர்க்கிலிருந்து ஆர்டர் வரவில்லை.

சமீருல்லா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிப் பார்த்தார். திரையில் பச்சை எழுத்துகள் எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன. ஆர்டர் இருக்க வேண்டிய கட்டம் மட்டும் காலி.

ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றில் பேக்கிங் செக்‌ஷனையே கட்டி மேய்த்தவர் அவர். பெட்டிக்குள் காற்று போனால் காற்றுக்கும் சேர்த்துக் கப்பல் வாடகை என்பது அவருடைய சித்தாந்தம். அவர் அடுக்கிய கார்ட்டனுக்குள் எறும்பு நுழைந்தால், திரும்ப இடமில்லாமல் பின்பக்கமாகவே நடந்து வெளியே வருமாம்; மாதனூர் வரைக்கும் அப்படி ஒரு பேச்சு.

ஓய்வு பெற்ற அன்று சால்வையோடு செக்‌ஷனின் பழைய கம்ப்யூட்டரையும் கொடுத்து அனுப்பினார்கள். இத்தனை ஜோடிக்கு எத்தனை கார்ட்டன், கன்டெய்னரில் எப்படி அடுக்குவது என்று கணக்குப் போடும் ப்ரோக்ராம் அதில் அப்படியே இருந்தது. புதிய க்ளார்க்குகள் பழகிக்கொள்வதற்காக அது தானாகவே பொய் ஆர்டர்களை உண்டாக்கும் என்று எப்போதோ யாரோ சொல்லி அவர் கேட்டிருந்தார். யாரோ சொன்னது உண்மையாகிவிட்டது. காலைத் தொழுகை முடித்து, டீக்கடையில் உலகத்தைத் திருத்திவிட்டு அவர் வீடு திரும்பினால், திரையில் ஹாம்பர்க் ஆர்டர் காத்திருக்கும்.

அதை அடுக்கி, கன்டெய்னரை நிரப்பி, கப்பலை அனுப்பிய பிறகுதான் அவருக்குக் காலை நாஷ்டா இறங்கும். அவர் இப்படி அனுப்பிய ஷூக்கள் நிஜமாக இருந்திருந்தால், ஹாம்பர்க் மக்களுக்கு ஆளுக்கு நாற்பது கால் முளைத்திருக்க வேண்டும். சில நாள் ஆர்டரின் அடியில் 'போன முறை தாமதம், இனிமேல் பொறுக்க மாட்டோம்' என்று ஆங்கிலத்தில் ஒரு வரி இருக்கும். ஜெர்மன்காரன் கறாரானவன் என்று அதையும் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்.

வினை வந்தது மேஜைக்கடியில் இருந்த கம்ப்யூட்டர் பெட்டியால். குட்டி பீரோ அளவு பெட்டி அது. தன் தங்கை மகள் கல்யாணத்துக்குக் குடியாத்தம் புறப்பட்ட அவர் மனைவி ரஃபத் ஜஹான் வாசலில் நின்று தீர்ப்புச் சொல்லிவிட்டுத்தான் ஆட்டோ ஏறினாள்.

"டெய்லி முட்டியில இடிக்குது. நான் வர்றதுக்குள்ள அத சின்னதாக்கி வைங்க. இல்லன்னா பழைய இரும்புக்காரன கூப்பிட்டுடுவேன்."

பெருக்கும்போது இடிக்கிறது போல என்று நினைத்துக்கொண்டார் சமீருல்லா.

பைபாஸ் ரோட்டில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் ஷாஹித், லேடீஸ் பூட்ஸ் டப்பா அளவில் ஒரு கேபினெட்டும், பழைய டிஸ்க்கை ஓட்டக்கூடிய சின்ன போர்டும் எடுத்துக் கொடுத்தான். வீட்டுக்கு வந்து மாட்டித் தருவதாகவும் சொன்னான். பெட்டிக்குள் பொருளை அடுக்குவதை ஒருவன் தனக்குச் செய்து தருவதா? சமீருல்லாவுக்கு ரோஷம் வந்துவிட்டது.

அன்று சாயங்காலம் அவர் அடுக்கிய அழகை ஜெர்மன்காரன் பார்த்திருந்தால் அழுதிருப்பான். போர்டின் பக்கத்தில் டிஸ்க், டிஸ்க்கின் தலைமாட்டில் சுருட்டிய ஒயர். மிச்சமிருந்த சந்துகளிலெல்லாம் டிஷ்யூ பேப்பர். நாலு மூலையிலும் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பாக்கெட். ஆட்டிப் பார்த்தார், சத்தமே இல்லை. பட்டனை அமுக்கினார்; ப்ரோக்ராம் பச்சைப்பசேலென்று எழுந்து நின்றது.

ஆனால் விடிந்ததும் ஆர்டர் இல்லை. கப்பல் இல்லாத அந்தக் காலையில் என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. நாஷ்டா தட்டை எடுத்த இடத்திலேயே வைத்தார். பெட்டியின் மேல் கை வைத்தபோது அது தோசைக்கல்லாகக் கொதித்தது.

சூட்டில் மூளை கலங்கிவிட்டது என்று முடிவு கட்டினார். பேப்பரையெல்லாம் உருவினார். ஷூவில் கயிறு கோக்கும் ஓட்டை போடும் கருவியை எங்கிருந்தோ தேடி எடுத்து, பெட்டியின் இரண்டு பக்கமும் வரிசையாகத் துளை போட்டார். சூடு கம்மியானது. மறுநாளும் ஆர்டர் வரவில்லை.

அத்தனை வருஷம் நின்றுகொண்டிருந்த டிஸ்க்கைப் படுக்க வைத்ததுதான் தப்பு என்று அடுத்து தோன்றியது. நிற்க வைத்தார், மூடி மூடவில்லை. மூடியைக் கழற்றினார், தூசு விழுந்தது. தூசுக்காக டேபிள் ஃபேனைத் திருப்பி வைத்தார், ஒயர்கள் பறந்தன. ஒயர்களை ஷூ கயிற்றால் ஜன்னல் கம்பியில் கட்டினார்.

தையல் செக்‌ஷனில் அவரோடு வேலை பார்த்த அந்தோணி, நியூஸ்பேப்பர் இரவல் வாங்க வந்தவர், வாசலிலேயே நின்றுவிட்டார். "இன்னா பாய், போஸ்ட்மார்ட்டமா?"

சின்னதாக்கப்பட்ட கம்ப்யூட்டர் அப்போது பாதி ஹாலை அடைத்திருந்தது.

ரஃபத் ஜஹான் போன் செய்தாள். சாப்பிட்டாரா என்று விசாரித்தாள். அவர் ஹாம்பர்க் ஆர்டர் நின்றுபோன துயரத்தைச் சொன்னார். அவள் கல்யாண வீட்டு இரைச்சலிலிருந்து தள்ளி வந்து பேசினாள்.

"விடுங்க. ரெண்டு நாள்ல தானா வந்துடும். அதப் போட்டு நோண்டாதீங்க."

கம்ப்யூட்டரைப் பற்றி இவளுக்கு என்ன தெரியும் என்று அவர் மேலும் நோண்டினார். ஒரு ஸ்க்ரூ உள்ளே விழுந்தது. அதை எடுக்கக் கவிழ்த்தபோது இன்னும் ரெண்டு விழுந்தன. திரை கறுத்துப்போனது.

ஷாஹித் வந்து, ஜன்னலில் கட்டியிருந்ததை அவிழ்க்கும்போது சிரிப்பை அடக்க இருமினான். போர்டைத் துடைத்தான், ஸ்க்ரூக்களைப் பொறுக்கினான், ஒயர்களை முதுகுப்பக்கம் ஒளித்து, நடுவில் காற்று போக வழி விட்டு, மூடியை அமுக்கினான். கச்சிதமாக மூடிக்கொண்டது. உள்ளே பாதிப் பெட்டி காலி. அந்தக் காற்றுக்கு ஆகும் கப்பல் வாடகையைச் சமீருல்லா மனசுக்குள் கூட்டிப் பார்த்தார். ஆனால் பச்சை எழுத்துகள் வந்துவிட்டன. மேஜைக்கடியில் இனி ஒரு ஆள் சம்மணம் போட்டே உட்காரலாம்.

ஆர்டர் கட்டம் அப்போதும் காலி.

"எல்லாம் சரியாயிடுச்சின்றியே, ஹாம்பர்க் ஏன்டா பேசல?" அவர் காலிக் கட்டத்தை விரலால் தட்டினார். "என் கை பட்டு அது செத்துப்போச்சா? உண்மைய சொல்லு."

ஷாஹித் ஸ்க்ரூடிரைவரைப் பைக்குள் போட்டான். மறுபடி எடுத்தான். தலையைச் சொறிந்தான். பெரியவரின் முகத்தைப் பார்த்ததும் அவனால் தாங்க முடியவில்லை.

"நான் சொன்னேன்னு சாச்சிகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க சாச்சா. வலீமா விருந்து முடிஞ்சி, ஹாம்பர்க் குடியாத்தத்துலேர்ந்து திரும்பி வந்தாத்தான் ஆர்டர் வரும்."