கலர்க்காரர் அளந்த உள்ளங்கைகள்

புதுச்சத்திரம் வட்டாரத்தில் மனிதர்களையும் முட்டையைப் போல மதிப்பிட்டவர் கலர்க்காரர் ஒருவர்தான். நானும் அவரும் ஒரு கோழித்தீவனக் கம்பெனியில் வேலை பார்த்தோம். வெளிர் மஞ்சள் ஒன்று, அடர் ஆரஞ்சு பதினைந்து என்று நம்பரிட்டு நிறம் பூசிய விசிறி அட்டையை, உடைத்த முட்டையின் கருவுக்குப் பக்கத்தில் பிடித்து நம்பர் சொல்வது அவர் வேலை. கரு வெளுத்திருந்தால் கோழி தீவனத்தைச் சரியாகத் தின்னவில்லை என்பார்.

அதே அட்டையை எங்கள் உள்ளங்கைகளிலும் வைப்பார். மேனேஜரையும் விடவில்லை.

"நாலாம் நம்பருங்க. நம்ம கோழி உங்களவிட நல்லாத் திங்குது."

அவர் மனைவி சரசக்காவுக்குச் சர்க்கரை வந்தது. அக்கா பருமனானவர். பயந்துபோன கலர்க்காரர் அன்றிலிருந்து இருவருக்கும் ஒரே சாப்பாடு என்றார்: கேரட், பரங்கிக்காய், முருங்கைக்கீரை. பொங்கலுக்குள் ஒல்லியான அவர் கை மஞ்சளாகிவிட்டது. அக்காவின் கை அப்படியே இருந்தது.

"எம்பட கை பதினொண்ணு, உம்படது நாலு. எங்க கொண்டுபோயிக் கொட்டறே?"

"ஏனுங்க, நான் கொட்டறனா?"

"கை பொய் சொல்லாது."

மறுநாள் அக்கா சங்ககிரியில் தம்பி வீட்டுக்குப் போய்விட்டார்.

"பொய்யே சொல்லாதவ, இதுல சொல்லிட்டாளே" என்று கலர்க்காரர் என்னிடம் சொன்னார். நான் படித்திருந்ததைச் சொன்னேன். கேரட்டுக்கு நிறம் தரும் சத்து கொழுப்பில் கரைவது. உடம்பில் கொழுப்பு கூடியவர்களுக்கு ரத்தத்தில் அது பெரும்பாலும் குறைவாகவே தெரிகிறது. கொழுப்பே அதை இழுத்து வைத்துக்கொள்வதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

"அப்ப, அவ தின்னுருப்பாளா?"

"தின்னுருப்பாங்க."

அவர் விசிறி அட்டையை மடக்கினார். "ஷெட்டுல கோழியெல்லாம் ஏறக்குறைய ஒரே எடைங்க. மனுசருக்கும் அதையே நெனச்சுட்டேன்."

அந்த வெள்ளிக்கிழமை என்னையும் அழைத்துக்கொண்டு சங்ககிரிக்குப் போனார். "உள்ள வாங்க சாமி" என்று அக்கா என்னை மட்டும் கூப்பிட்டார். கலர்க்காரர் வாசலிலேயே நின்றார்.

"நீ தின்னது நெசந்தான், சரசு."

"யாரு சொன்னாங்க?"

"இவரு புஸ்தகத்துல படிச்சாராம்."

"புஸ்தகம் சொன்னா நம்புவீங்க. நான் சொன்னப்ப?"

எதற்கும் ஒரு நம்பர் வைத்திருக்கும் மனிதர் தலைகுனிந்து நின்றார். அக்கா அவருடைய மஞ்சள் கையைப் பார்த்தார்.

"கையக் கழுவீட்டு வாங்க. சோறு போடறேன்."

மாலை பஸ்ஸில் மூவரும் திரும்பினோம். அக்காவின் துணிப்பையைக் கலர்க்காரர் தன் மடியில் வைத்து அணைத்துக்கொண்டிருந்தார். மேலே வைக்க இடமிருக்கிறது என்று நான் சொன்னேன். புதுச்சத்திரம் வரும்வரை அவர் அதை விடவில்லை.